தோளில் இரண்டு கமரா

யதுர்ஷிகாவிடம் இரண்டு பிலிம் கமராக்கள் இருந்தன. வெளியே போகும்போது இரண்டையும் கொண்டுபோவாள். ஒன்று இடது தோளில் தொங்கும், மற்றது நெஞ்சுக்குக் குறுக்கே வந்து வலது இடுப்பில் கிடக்கும். இரண்டும் ஒரே கொம்பனியின் ஒரே மாதிரி. இரண்டும் கறுப்பு, நல்ல கனம். மாறிப்போகாமல் இருப்பதற்காக, கறுப்பு வெள்ளை ரோல் போட்டதன் பட்டியில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டியிருந்தாள். மற்றதில் எப்போதும் கலர் ரோல்.

புதுக்குடியிருப்பில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள், ஏன் இரண்டு என்று. பிரதேச செயலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்த கிருசாந்தன் கிழமைக்கு ஒருதரம் கேட்பான்.

"போனிலை ஆயிரம் படம் எடுக்கலாம். நீர் என்னெண்டா முப்பத்தாறு படத்துக்காக ரெண்டு கல்லைத் தூக்கிக்கொண்டு திரியிறீர்."

"ஒண்டு வெயிலுக்கு, மற்றது நிழலுக்கு" என்பாள் அவள். அதில் உண்மை இருந்தது. ஒரு ரோலைப் போட்டால் அது முடியும்வரை அதுதான். இடையில் கழற்றி வேறொன்று போட்டால் எடுத்த படங்கள் பழுதாகும். ஆனால் அது முழுக்காரணம் இல்லை.

முதல் கமராவை வவுனியாவில் சரீப்பின் கடையில் வாங்கினாள். மூடிப்போன ஸ்டூடியோக்களின் சாமான்களை வாங்கி விற்கிறவர் அவர். சில மாதம் கழித்து அவரே அழைத்து, "தங்கச்சி, உங்கடை கமராக்குச் சோடி ஒண்டு வந்திருக்கு" என்றார். அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறிப் போய் எடுத்துவந்தாள். ஒரு கமராவோடு திரிந்த அந்த மாதங்களில் அவளுக்கு ஒரு படத்திலும் நம்பிக்கை இருந்ததில்லை. பிலிமில் எடுத்தது விழுந்ததா இல்லையா என்று கொழும்புக்கு அனுப்பிக் கழுவி வரும்வரை தெரியாது. இன்னொன்று தோளில் தொங்கியபோது அந்தப் பயம் பாதியாகக் குறைந்தது. தாய் கேட்டபோது மட்டும் அதைச் சொன்னாள்.

"ஒண்டு பிழைச்சா மற்றது இருக்குமெல்லோ அம்மா."

தாய் இராசேஸ்வரி அதற்கு மேல் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை போடுகிறவர். புருசன் காய்ச்சலில் போனபோது யதுர்ஷிகா கைக்குழந்தை. அதன்பிறகு மகளைத் தனியாகவே வளர்த்தவர்.

இராசேஸ்வரிக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் தவமலர். கலியாணம் கட்டவில்லை. உடையார்கட்டில் தனியாக இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு குறுகிய பஸ் பயணம்தான். ஆனால் அக்காவும் தங்கையும் கதைத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடைசி யுத்தத்தின்போது அவர்கள் எல்லோரும் மாத்தளனில் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். அக்கா தங்கையின் தகப்பன் பொன்னையாவுக்குக் காலில் காயம், நடக்க முடியாது. சனம் நீரேரியைக் கடந்து இராணுவப் பக்கம் போகத் தொடங்கிய நாளில் இராசேஸ்வரி பத்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப்போனார். தவமலர் தகப்பனோடு நின்றுவிட்டார். பிறகு தகப்பன் அங்கேயே செத்துப்போனார். தவமலர் மட்டும் கடைசியில் வந்து சேர்ந்தார். செட்டிகுளம் முகாமில் அக்காவைக் கண்டதும் அவர் சொன்னது, "நீ அப்புவை விட்டிட்டுப் போனனி" என்பது மட்டும்தான். அதோடு பேச்சு நின்றது.

ஆனால் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் இரண்டு பேரும் ஒவ்வொரு வருடமும் போவார்கள். ஒருவர் வந்திருப்பது மற்றவருக்குத் தெரியும். சனத்துக்குள் தூரத்தில் கண்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்த வருடப் பொங்கலுக்கு யதுர்ஷிகா காலையிலேயே தாயோடு விசேட பஸ்ஸில் ஏறினாள். கால் வைக்க இடமில்லாத பஸ்ஸுக்குள் நின்றபடியே, சிவப்புத் துணி கட்டிய கமராவில் புது ரோலைப் போட்டு மூடினாள். கோயில் வாசலில் பைகளைச் சோதித்த பொலிஸ்காரர் இரண்டு கமராக்களையும் கண்டு நிமிர்ந்தார்.

"மீடியாவா?"

"இல்லை. சும்மா."

"சும்மாவுக்கு ரெண்டா?" என்று கேட்டுவிட்டு, அவர் லென்ஸ் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு போகச் சொன்னார்.

மத்தியானம் தாண்டியபோது கோயில் வெளி மணல் சுட்டது. இராசேஸ்வரி விரதம். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அர்ச்சனை வரிசையில் நின்றார். யதுர்ஷிகா கொஞ்சம் தள்ளி, தண்ணீர்த்தாங்கியின் சீமெந்துத் திட்டில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கலர் ரோலில் சில படங்கள்தான் மிச்சம். அவற்றைக் காவடிகளுக்கு என்று வைத்திருந்தாள். அதனால் கையில் இருந்தது சிவப்புத் துணி கட்டியது.

அந்தக் கமராவுக்குள்ளால்தான் தாய் சரிவதைக் கண்டாள். முழங்கால் மடிந்து ஒரு பக்கமாகப் போனார். பின்னால் இருந்து ஒரு பெண் இரண்டு கைகளையும் கொடுத்து அவரைத் தாங்கினார். வரிசையை விலக்கி, பந்தல் நிழலுக்கு இழுத்துக்கொண்டுபோய் மணலில் இருத்தி, தன் போத்தல் தண்ணீரை முகத்தில் தெளித்து, சேலைத் தலைப்பால் விசிறினார். அது தவமலர் என்று யதுர்ஷிகாவுக்குத் தெரிந்தபோது அவள் விரல் ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தது. கீழே குதித்து ஓடாமல் அவள் இன்னும் சில படங்கள் எடுத்தாள். பிறகுதான் இறங்கினாள்.

இறங்கியவளால் நேரே போக முடியவில்லை. பறை மேளத்தோடு ஒரு தூக்குக்காவடி குறுக்கே வந்தது. சனம் அவளைப் பின்னுக்குத் தள்ளியது. போக வழி இல்லாமல் நின்றபடியே மற்றக் கமராவைத் தூக்கிக் காவடியை ஒரு படம் எடுத்தாள். அது யோசித்துச் செய்ததல்ல, கைப்பழக்கம். காவடி கடந்து, அவள் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இராசேஸ்வரி மட்டும் தூணில் சாய்ந்து இருந்தார்.

"அம்மா, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. தலை சுத்தினது." சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கட்டாம். சொல்லிப்போட்டுப் போறாள்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. முள்ளியவளை தாண்டியபிறகு இராசேஸ்வரி யன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"எடுத்தனியோ?"

"என்னத்தை?"

"நான் விழுந்ததை."

"விழுந்ததை இல்லை. சின்னம்மா உங்களைப் பிடிச்சதை எடுத்தனான்."

"வடிவா வந்திருக்குமோ?"

"வந்திருக்கும்."

அடுத்தநாள் பின்னேரம் யதுர்ஷிகா கட்டிலில் இருந்தபடி ரோல்களைத் திருப்பிச் சுற்றினாள். கலர் ரோல் இறுக்கமாக, வழக்கம்போலச் சுற்றுப்பட்டது. சிவப்புத் துணி கட்டியதில் கைப்பிடி பாரமே இல்லாமல் சுழன்றது. இன்னும் சுழற்றிப் பார்த்தாள். அதே மாதிரித்தான். பின்மூடியைத் திறந்தாள். பிலிமின் நாக்கு சுருளும் தண்டில் கொளுவுப்படாமல் வெளியே கிடந்தது. பஸ் குலுக்கத்தில் அது வழுவியிருக்க வேண்டும். எண்காட்டி மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் ஒழுங்காக ஏறிக்கொண்டு போயிருந்தது. உள்ளே ஒரு படமும் இல்லை.

சாப்பிடும்போது தாயிடம் சொன்னாள்.

"படம் விழேல்லை அம்மா. பிலிம் சுத்துப்படேல்லை."

இராசேஸ்வரி சோற்றைப் பிசைந்தபடி, "ரெண்டு கொண்டுபோனனி" என்றார். யதுர்ஷிகாவால் அன்று முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

கலர் ரோலைக் கொழும்புக்கு அனுப்பினாள். சில நாள் கழித்து அலுவலகத்தில் இருக்கும்போது, தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது.

"யதுர்ஷிகாவோ?"

"ஓம். ஆர் கதைக்கிறீங்கள்?"

"நான் தவமலர். உன்ரை சின்னம்மா. செயலகத்திலை கேட்டு நம்பர் எடுத்தனான்."

அவள் கதிரையை விட்டு எழுந்து வெளி விறாந்தைக்கு வந்தாள்.

"சொல்லுங்கோ சின்னம்மா."

"அண்டைக்குக் கோயிலிலை நீ தண்ணித்தாங்கித் திட்டிலை ஏறி நிண்டு படம் எடுத்தனி. நான் கண்டனான். அது எனக்கு வேணும்."

படம் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல்ல முடியவில்லை.

"கொழும்பிலை இருந்து வரவேணும் சின்னம்மா" என்றாள்.

"வரட்டும். வந்தாப்பிறகு கொண்டுவா." அழைப்பு நின்றது.

கொழும்பிலிருந்து பொதி வர இரண்டு கிழமை சென்றது. கலர்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள், காவடிப் படத்தில் நின்றுவிட்டாள். நடுவில் காவடிக்காரன், சிவப்பும் மஞ்சளும். படத்தின் இடது கீழ்மூலையில், பறை அடிப்பவரின் முழங்கைக்கு அப்பால், பந்தலின் நிழல். அந்த நிழலில் தவமலர் எழுந்து போய்க்கொண்டிருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது. தூணடியில் இருந்த இராசேஸ்வரி தலையை நிமிர்த்தி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சின்னன். என்றாலும் தெளிவாகத் தெரிந்தது. எழும்பிப் பின்னால் போகப்போகிறவரின் முகம் போல இருந்தது. யதுர்ஷிகா அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி இன்னொரு பிரதி போடுவித்தாள். தாயிடம் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பரந்தன் பஸ்ஸில் ஏறி உடையார்கட்டில் இறங்கினாள். இரண்டு கமராக்களும் வழக்கம்போலத் தோளில். தவமலரின் வீடு சந்தியில் இருந்து உள்ளே. இரண்டு அறையும் ஒரு குசினியும். முன்னறையில் தையல் மெசின், பக்கத்தில் வெள்ளைத் துணிக்குவியல்.

"வா. இரு" என்று கதிரையில் இருந்த துணிகளை எடுத்தார் தவமலர். அவளை மேலும் கீழும் பார்த்தார். "கொம்மாவின்ரை உயரம். ஏன் ரெண்டு கமரா?"

"ஒண்டு பிழைச்சா மற்றது இருக்கும் எண்டு."

"பிழைச்சதோ?"

உண்மையைச் சொல்ல இதை விட்டால் வேறு இடம் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஓம் சின்னம்மா. நீங்கள் கேட்ட படம் இல்லை. பிலிம் கொளுவுப்படேல்லை. அதிலை ஒண்டும் விழேல்லை. போனிலை கேக்கேக்கையே எனக்குத் தெரியும். சொல்லப் பயமா இருந்தது."

தவமலர் மெசினுக்கு முன்னால் இருந்த வாங்கில் இருந்தார். ஊசிக்குக் கீழே கிடந்த காற்சட்டைத் துணியை எடுத்து மடித்தார். மடித்ததை விரித்து மறுபடியும் மடித்தார்.

"தாய் மயங்கி விழ, நீ படம் எடுத்துக்கொண்டு நிண்டனி. அதுவும் விழேல்லை."

"ஓம்."

"எனக்குப் படம் ஆசையிலை வேண்டியிருக்கேல்லை, பிள்ளை." இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. "அவளை நான் ஏன் பிடிச்சனான் எண்டு எனக்குத் தெரியாது. கை தானாப் போட்டுது. பிடிச்சு இருத்தித் தண்ணி தெளிக்கேக்கை என்ரை மனதிலை என்ன இருந்தது எண்டு வீட்டை வந்து எவ்வளவோ யோசிச்சுப் பாத்தன். கோவம் இருந்ததோ, இல்லையோ. ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை. படத்திலை என்ரை முகம் இருக்கும், பாத்தாத் தெரியும் எண்டு நினைச்சன்."

யதுர்ஷிகா தோளில் கிடந்த கமராக்களைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நீ பாத்துக்கொண்டுதானே எடுத்தனி? அப்ப நீ சொல்லு. என்ரை முகம் எப்பிடி இருந்தது?"

படம் எடுபடும் கணத்தில் கமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே எழும்பும், பார்க்கிற துளை இருண்டுபோகும். எடுத்த அந்தக் கணத்தை எடுக்கிறவர் காண்பதில்லை. அதை அவள் சொல்லவில்லை. அந்த இருட்டுக்கு முன்னும் பின்னும் கண்டதை நினைத்துப் பார்த்தாள். நல்லதாக ஒரு பதில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றும் இருந்தது. சின்னம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்பு மாதிரித் தெரியேல்லை சின்னம்மா" என்றாள் கடைசியில். "கோவமும் இல்லை. நீங்கள் பயந்துபோயிருந்தீங்கள். வாய் திறந்தபடி இருந்தது. அம்மாவின்ரை கன்னத்திலை தட்டித் தட்டிப் பாத்தீங்கள்."

"பயமோ?"

"ஓம். சரியான பயம்."

தவமலர் தலையை மெல்ல ஆட்டினார். "பயம் எண்டா இருந்திருக்கும்" என்றார். "அப்புவுக்கும் அப்பிடித்தான் தட்டித் தட்டிப் பாத்தனான்."

வெளியே ஒரு லொறி போய் ஓய்ந்தது. யதுர்ஷிகா பையில் இருந்து உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது மற்றக் கமராவிலை வந்தது. நான் காவடியைத்தான் எடுத்தனான். மூலையிலை நீங்கள் ரெண்டு பேரும் தெரியிறீங்கள்."

தவமலர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். பெரிதாக்கிய பிரதியைக் கிட்டப் பிடித்தும் எட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இது நான்தானே? பின்பக்கம்."

"ஓம்."

"இவள் என்ன, இப்பிடிப் பாக்கிறாள்?"

"நீங்கள் போறதைப் பாக்கிறா."

"நான் திரும்பிப் பாக்கேல்லை" என்றார் தவமலர். படத்தைத் திருப்பித் தரவில்லை. குசினிக்குள் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். தாய்க்கு என்ன குளிசை, எத்தனை போடுகிறார், கிளினிக்குக்கு யார் கூட்டிக்கொண்டு போகிறது என்று கேட்டார். அவள் பஸ் எடுக்கப் புறப்பட்டபோது, "நான் இதைக் கேட்டனான் எண்டு கொம்மாட்டைச் சொல்லாதை" என்றார்.

யதுர்ஷிகா சொல்லவில்லை.

ஆவணி மாதத்தில், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் முற்பகல், அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படலை திறந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கையில் ஒரு மரவள்ளிக்கிழங்குப் பையோடு தவமலர் முற்றத்தில் நின்றார். இராசேஸ்வரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. தவமலர் தானாக வந்து, கிழங்குப் பையை வாசற்படியில் வைத்துவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

"வெயில்" என்றார்.

"ஓம். மழை ஒண்டும் காணேல்லை" என்றார் இராசேஸ்வரி.

மழையைப் பற்றிய கதை கொஞ்சநேரம் ஓடியது. பிறகு எப்படித் தொடங்கியது என்று குசினிக்குள் இருந்த யதுர்ஷிகாவுக்குத் தெரியாது. அவள் காதில் விழுந்தபோது தாயின் குரல் உயர்ந்திருந்தது.

"அப்புதான் என்னைப் போகச் சொன்னவர்! பிள்ளையைக் கொண்டு போ, பின்னாலை பாக்காதை எண்டு அவர்தான் கலைச்சுவிட்டவர். இத்தனை வருசமா நீ என்னை, அப்புவை விட்டிட்டுப் போனவள் எண்டு..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவர் சொன்னது தெரியும். நான் பக்கத்திலைதானே இருந்தனான். காதாலை கேட்டனான்."

இராசேஸ்வரி திகைத்துப்போனார். "கேட்டனியோ? கேட்டிட்டோ என்னோடை கதைக்காமல் இருந்தனி? பின்னை ஏனடி?"

தவமலர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் உடைந்திருந்தது.

"உன்னைப் போகச் சொன்னவர். என்னைச் சொல்லேல்லை, அக்கா. ஒரு சொல்லுக்காவது, நீயும் போ பிள்ளை எண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டன். ஆனா அவர் சொல்லேல்லை. செத்த ஆளோடை நான் என்னெண்டு கோவிக்கிறது? நீதான் இருந்தாய்."

குசினியில் யதுர்ஷிகாவின் கை துருவலில் நின்றது. அந்தப் பதுங்குகுழியில் தாத்தாவின் கை தன் தலையைத் தொட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவர் யாரிடம் என்ன சொன்னார் என்பது ஞாபகம் இல்லை. சின்னம்மா எந்தப் பக்கம் இருந்தார் என்பதும் ஞாபகம் இல்லை.

விறாந்தையில் இரண்டு பேரும் அழுதார்கள். சத்தம் பெரிதாக இல்லை. இடையில் இராசேஸ்வரி மூக்கைச் சிந்திவிட்டு, "அவருக்கு நீ இல்லாட்டி ஒண்டும் ஏலாது. அதுதான் சொல்லேல்லை" என்றார்.

"அது எனக்குத் தெரியாதோ?" என்றார் தவமலர் கோபமாக. "தெரிஞ்சா நோகாதோ?"

இராசேஸ்வரி எழுந்து கிழங்குப் பையைக் குசினிக்குக் கொண்டுவந்து, மகளிடம் கத்தியைக் கேட்டு வாங்கித் தோலை உரிக்கத் தொடங்கினார். தவமலரும் வந்து நிலத்தில் இருந்தார். தேங்காய் காணாது, இன்னும் துருவு என்று யதுர்ஷிகாவிடம் சொன்னார். கிழங்கை அவித்துச் சம்பலோடு மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஊரில் யார் யார் கலியாணம் கட்டினார்கள், யார் வெளிநாடு போனார்கள் என்று கதை போனது. தகப்பனைப் பற்றி யாரும் மறுபடி எடுக்கவில்லை.

பின்னேரம் தவமலரைப் பஸ் ஏற்ற இராசேஸ்வரி சந்தி வரைக்கும் போனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபடி மகளிடம் சொன்னார்.

"வாற கிழமை உடையார்கட்டுக்குப் போறன். ரெண்டு நாள் நிண்டிட்டு வருவன். நீ சமைச்சுச் சாப்பிடுவாய்தானே?"

"சாப்பிடுவன் அம்மா. குளிசையை மறந்திடாதேங்கோ."

"அவள் விடமாட்டாள்" என்று சொல்லிவிட்டு, இராசேஸ்வரி கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுக்கப் போனார்.